ஐஜிஇ 0.9னா லேசு, 22னா டேஞ்சர், அப்டித்தானே?

கேள்வி, 11 ஜூன் 2023

அண்ணே, ரங்கூன் திங்கன்ஜூன்ல இருந்து எழுதறேன். பாப்பாவுக்கு ஏழு வயசு. ரத்தத்துல ஐஜிஇ டெஸ்ட், அதான் அலர்ஜி டெஸ்ட், எடுத்தோம். வேர்க்கடலை 0.9, க்ளாஸ் 2ன்னு போட்டிருக்கு. இறால் 22, க்ளாஸ் 4. அப்ப கடலை அலர்ஜி லேசு, இறால்தான் டேஞ்சர், அப்டித்தானே? இறால், ஙாப்பி (மீன், இறால் பேஸ்ட்), பாலாச்சான் (காய்ஞ்ச இறால் வறுவல்) எல்லாத்தையும் வீட்ல நிறுத்தியாச்சு. கடலைய மட்டும் கொஞ்சம் கொஞ்சமா குடுத்துப் பழக்கலாம்னு இருக்கேன்.

11 ஜூன், இரவு 9.50

குடுக்காதீங்க தங்கச்சி. மத்தத அப்புறம் பேசலாம்.

11 ஜூன், இரவு 10.30

கரண்ட் போயிடுச்சு, போன்ல சார்ஜ் முப்பது இருக்கு, அதுக்குள்ள எழுதிடறேன். அந்த க்ளாஸ்ங்கறது நோயோட படி இல்ல. ரத்தத்துல அந்தப் பொருளுக்கு எதிரா ஒடம்பு செய்யற எதிர்ப்புப் புரதம், அதான் ஐஜிஇ, எவ்ளோ மிதக்குதுன்னு லேப்ல போடற கோடு, அவ்ளோதான். 0.35ல இருந்து 0.7 வரைக்கும் 1, 3.5 வரைக்கும் 2, 17.5 வரைக்கும் 3, 50 வரைக்கும் 4. நம்பர் ஏற ஏற "இவங்களுக்கு நெசமாவே அலர்ஜி இருக்க சான்ஸ் ஜாஸ்தி"ன்னு சொல்லலாம். ஆனா "சாப்ட்டா எவ்ளோ மோசமா வரும்"ங்கறத அந்தப் பேப்பர் சொல்லாது. ரெண்டும் வேற வேற கேள்வி, நாமதான் ஒண்ணா போட்டுக் கொழப்பிக்கறோம், நானும் பல வருஷம் அப்டித்தான் கொழப்பிட்டு இருந்தேன்.

நீங்க முக்கியமானத எழுதவே இல்ல. இறால் சாப்ட்டு பாப்பாக்கு என்ன ஆச்சு? கடலை சாப்ட்டு என்ன ஆச்சு? டெஸ்ட் எடுக்கணும்னு ஏன் தோணுச்சு?

12 ஜூன்

இன்பாக்ஸ்ல பதில் போட்டிருக்காங்க, அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் இங்க போடறேன். இறால் சாப்ட்டு ஒண்ணுமே ஆகலியாம்! மூணு வயசுல இருந்து பாலாச்சான் பிசைஞ்சாத்தான் சோறே இறங்குமாம் அந்தப் புள்ளைக்கு. கடலைக்கு என்னாச்சுன்னா, டீக்கடைல லப்பெத்தோ (கடலை போட்ட பர்மா தேயிலை சாலட்) ஒரு வாய், பத்து நிமிஷத்துல வாந்தி, குரல் கம்மி, அப்டியே அம்மா மடில தூங்கிட்டாளாம். "வாந்தி எடுத்த அசதின்னு விட்டுட்டோம்"னு எழுதிருக்காங்க.

அந்தத் தூக்கம்தான் எனக்கு வயித்தக் கலக்குது. தடிப்பு ஒண்ணும் இல்லியாம், அதனால அலர்ஜின்னே தோணலியாம். தடிப்பே இல்லாம அனாஃபிலாக்சிஸ், அதான் உசுருக்கே ஆபத்தான அலர்ஜி, வர்றதும் உண்டு. வயிறு, தொண்டை, அசந்து போறது, இத்தனையும் பத்து நிமிஷத்துல ஒண்ணா வந்தா அது "அஜீரணம்" இல்ல. ஆக 0.9 வந்தது பயப்பட வேண்டியது, 22 வந்தத தினமும் தட்டுல போட்டு சாப்ட்டுட்டு இருந்திருக்கா.

அப்ப 22 எங்கருந்து வந்துச்சு? இறால்ல அலர்ஜி குடுக்கற முக்கியமான புரதம் ட்ரோபோமயோசின். அதே ஜாதிப் புரதம் மெத்தைல இருக்கற தூசிப் பூச்சிக்கும் உண்டு, கரப்பான்பூச்சிக்கும் உண்டு. ரங்கூன் மழைல ஊறின பஞ்சு மெத்தைல படுத்து எந்திரிக்கற புள்ளைக்கு தூசிப்பூச்சி ஐஜிஇ ஏறியிருக்கும், டெஸ்ட் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சிருக்கும். இது என் அனுமானம், டாக்டர்ட்ட கேளுங்க. ஆனா சாப்ட்டு ஒத்துக்கிட்டிருக்கற ஒண்ண வெறும் பேப்பரப் பாத்து நிறுத்தாதீங்க, அப்டி ரொம்ப நாள் நிறுத்திட்டு மறுபடி குடுக்கும்போது நெசமாவே அலர்ஜியாகிப்போன குழந்தைங்க இருக்கு.

12 ஜூன், சாயங்காலம்

கரப்பான்னு எழுதினதும் எங்க பாட்டி ஞாபகம் வந்துச்சு. பர்மால மோல்மேன்ல இருந்தப்ப நான் இறால் தின்னுட்டு சொறிஞ்சா "கரப்பான் பண்டம்டா அது, ஒடம்புல கரப்பான் இருக்கறவன் தொடக்கூடாது"ம்பா, கரப்பான்னா சொறி சிரங்கு. கத்திரிக்கா, கருவாடு, இறால் எல்லாம் அவ லிஸ்ட்ல ஒண்ணுதான். நான் சின்னப்பையன், கரப்பான்பூச்சி ஒடம்புக்குள்ள இருக்குன்னு நெனச்சு ரெண்டு நாள் தூங்கல. இப்ப பாத்தா இறாலும் கரப்பான்பூச்சியும் சொந்தக்காரங்கதான். பாட்டி சும்மா சொல்லல போல.

13 ஜூன்

ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சேன், நேத்து ஒரு தப்பு பண்ணிட்டேன். லப்பெத்தோல கடலை மட்டுமா இருக்கு? எள்ளு இருக்கு, வறுத்த மொச்சை பட்டாணி இருக்கு, பூண்டு, காய்ஞ்ச இறால், அந்த எண்ணெய். அதுல கடலைதான் குத்தவாளின்னு நான் எப்டி முடிவு பண்ணேன்? டெஸ்ட்ல கடலை வந்திருக்குங்கறதாலதான். அதாவது டெஸ்ட்ட நம்பாதேன்னு எழுதிட்டு அடுத்த வரிலயே டெஸ்ட்ட நம்பிட்டேன்.

தங்கச்சி, எள்ளு சாப்ட்டிருக்காளா? கடலை மட்டும் தனியா எப்பவாச்சும்?

13 ஜூன், மதியம்

எள்ளுருண்டை தீபாவளிக்கு தின்னிருக்கா, ஒண்ணும் இல்ல. பட்டாணி ஓகே. போன வருஷம் கடலைமிட்டாய் கடிச்சதும் உதடு வீங்கி துப்பிட்டாளாம், "பல்லு விழுற நேரம், அதான்"னு நெனச்சாங்களாம். சரி, கடலைதான். ஒரே பொருள், ரெண்டு தடவை, ரெண்டும் சாப்ட்ட கொஞ்ச நேரத்துல. எந்த லேப் நம்பரவிடவும் இந்தக் கத பெருசு.

ஆனா ஒண்ணு பாருங்க, மொத தடவ உதடு, ரெண்டாவது தடவ குரலும் வாந்தியும். "அப்ப மூணாவது இன்னும் மோசமா?"ன்னு கேட்டிருக்காங்க. அப்டி படிப்படியா ஏறும்னு விதி எதும் இல்ல. மூணாவது தடவ வெறும் அரிப்போட போகலாம், ஆஸ்பத்திரிலயும் முடியலாம். போன தடவ எப்டி வந்துச்சோ அடுத்த தடவயும் அப்டித்தான்னு சொல்ல முடியாது, அதுதான் இதுல உள்ள எரிச்சலே.

15 ஜூன்

"உங்க கதைய சொல்லுங்க"ன்னு ரெண்டு பேர் கேட்டாங்க. சொல்றேன், நீளமா வரும்.

எனக்கு இறால். சின்ன வயசுல இருந்து சாப்ட்டா உதடு நமநமங்கும், ரெண்டு தடிப்பு, செட்ரிசின்னு ஒரு அலர்ஜி மாத்திரை போட்டா அடங்கிடும். அதனால நான் எனக்கு நானே "லேசு"ன்னு சர்டிபிகேட் குடுத்துக்கிட்டேன். இந்த ஊர்ல இறால் இல்லாம வாழறதுன்னா சும்மாவா? டீக்கடைல நின்னு "பஸுன் ம தெ ப நெ"ன்னு சொல்லுவேன், இறால் போடாதீங்கன்னு. கடைக்காரம்மா தலைய ஆட்டிட்டு "நெ நெ பெ"ம்பாங்க. கொஞ்சூண்டுதான்! போடாதேன்னா கொஞ்சமா போடறதுன்னு அர்த்தம் இங்க. அந்தக் கொஞ்சூண்ட நானும் நக்கித் தின்னேன், லேசுதானேன்னு.

2019, திங்யான் தண்ணித் திருவிழா முடிஞ்ச மறுவாரம். தண்ணி ஊத்தி ஆடி முதுகு பிடிச்சிருந்துச்சு, டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை ரெண்டு வேளை போட்டிருந்தேன். மதியம் லப்பெத்தோ, காய்ஞ்ச இறால் பொடி தூவினது, எப்பவும் திங்கற அளவுதான். சாப்ட்டு முடிச்சதும் தண்ணி கேன் வந்துச்சு, இருபது லிட்டர். எங்க பில்டிங் தெரியும்ல, லிஃப்ட் கெடையாது, நாங்க அஞ்சாவது மாடி. தோள்ல வெச்சு ஏத்தினேன். மேல வந்து கேன எறக்கி வெச்சதும் உள்ளங்கை ரெண்டும் தீயா அரிச்சுது. அப்புறம் உள்ளங்கால். காது மடல் சுட்டுது. எம்பொஞ்சாதி "மூஞ்சி என்ன செக்கச்செவேல்னு"ன்னா.

மாத்திரை வீட்ல இல்ல. கீழ மருந்துக்கடை. பால்கனில இருந்து கயித்த விட்டா, நம்ம ஊர்ல எல்லா வீட்லயும் தொங்கும்ல, நுனில பேப்பர் க்ளிப் மாட்டினது, காலைல பேப்பரும் கீரையும் ஏறி வர்ற கயிறு. கடைப்பையன் க்ளிப்புல செட்ரிசின் அட்டைய மாட்டினான், அவ இழுக்கறா, அது மூணாவது மாடி ஏசில சிக்கிக்கிச்சு. நான் உள்ள நின்னு பாத்துட்டிருக்கேன், சிரிப்பு வரணும் எனக்கு, வரல. அதுக்குப் பதிலா என்னமோ கெட்டது நடக்கப் போவுதுன்னு ஒரு பயம், நெஞ்சுல இருந்து வருது, காரணமே இல்லாம. பின்னாடி படிச்சப்ப தெரிஞ்சது, அந்த பயமே ஒரு அறிகுறியாம், டாக்டருங்க அத எழுதியே வெச்சிருக்காங்க.

அப்புறம் நான் பண்ணதுதான் முட்டாத்தனம். "நானே எறங்கிப் போறேன்"னு மாடிப்படி எறங்கினேன். மூணாவது மாடி திருப்பத்துல கண்ணு இருட்டி உக்காந்துட்டேன். பிரஷர் விழற நேரத்துல எந்திரிச்சு நடக்கறது உசுருக்கே ஒல வெக்கும், படுக்க வெச்சு காலத் தூக்கி வெக்கணும், மூச்சு முட்டுச்சுன்னா மட்டும் சாய்ஞ்சு உக்காரலாம், ஆனா எழுந்து நடக்கவே கூடாது. எனக்கு யாரும் சொல்லல. பக்கத்து வீட்டு பர்மாக்காரத் தம்பிங்க ரெண்டு பேர் பிளாஸ்டிக் சேர்ல வெச்சு எறக்கினாங்க, நல்ல மனசு, ஆனா அதுவும் தப்பு.

கிளினிக் போனா, பேர் வேண்டாம், மொதல்ல அலர்ஜி ஊசி, அப்புறம் ஸ்டீராய்டு ஊசி. கால் மணி நேரம் கழிச்சு பெரிய டாக்டர் வந்து பாத்துட்டு சத்தம் போட்டாரு, அப்பதான் தொடைல அட்ரினலின். அஞ்சு நிமிஷத்துல ஒலகம் திரும்பி வந்துச்சு. அட்ரினலின்தான் மொத மருந்து, மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடி வர்ற துணைக்கு ஆள். செட்ரிசின் அரிப்ப அடக்கும், விழற பிரஷரத் தூக்காது.

ராத்திரி பத்தரைக்கு மறுபடி தடிச்சுது. மறுபடியும் ஒரு ஊசி. மொத அலை அடங்கி சில மணி நேரம் கழிச்சு ரெண்டாவது அலை வர்றது உண்டு, அதுக்குத்தான் ஆஸ்பத்திரில இருக்கச் சொல்றது.

15 ஜூன், எழுதிட்டு மறுபடி வந்தேன்

சொல்ல வந்தத விட்டுட்டு கயித்துக் கதைல போயிட்டேன். விஷயம் என்னன்னா, அன்னிக்கு நான் தின்ன இறால் எப்பவும் திங்கற அதே அளவு. என் ஐஜிஇ ஒரே நாள்ல மாறியிருக்காது. மாறினது முதுகுவலி மாத்திரையும் அஞ்சு மாடி ஏறினதும். ஐபுப்ரோஃபென் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை, சாப்ட்ட உடனே உழைப்பு, சாராயம், காய்ச்சல், தூக்கமில்லாம இருக்கறது, பொம்பளைங்களுக்கு மாதவிடாய் நாள், இதுல எது சேந்தாலும் அதே கொஞ்சூண்டு போதும், பெரிசா வெடிக்க. அதனால "எனக்கு லேசு அலர்ஜி"ங்கறதுக்கு அர்த்தமே இல்ல, "இதுவரைக்கும் லேசா வந்திருக்கு"ன்னு வேணா சொல்லலாம்.

18 ஜூன்

இதுக்கு நேர் எதிர்க் கத ஒண்ணு. 2016ல கானாங்கெளுத்தி கொழம்பு சாப்ட்டு மூஞ்சி கழுத்தெல்லாம் செவந்து, தலவலி, படபடப்பு. "மீன் அலர்ஜி, கடுமை"ன்னு நானே முடிவு பண்ணி மூணு வருஷம் மீனே தொடல. மொய்ங்கா, அதான் மீன் கொழம்பு ஊத்தின நூடுல்ஸ், அதக்கூட தொடல! ரங்கூன்ல இருந்துகிட்டு மொய்ங்கா தின்னாதவன் நானாத்தான் இருப்பேன்.

அப்புறம் ஒரு டாக்டர் கேட்ட ஒரே கேள்வி: "அன்னிக்கு கூட சாப்ட்டவங்களுக்கு?" மாமனாருக்கும் மூஞ்சி செவந்துச்சு, மச்சானுக்கும் தலவலி. மூணு பேருக்கு ஒரே நாள்ல மீன் அலர்ஜி வருமா? அன்னிக்கு பூரா கரண்ட் இல்ல, ஃப்ரிட்ஜ் ஓடல. சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன் சூட்டுல கெடந்தா பாக்டீரியா அதுல ஹிஸ்டமின் உண்டாக்கிடும், கொதிக்க வெச்சாலும் போகாது. அலர்ஜில நம்ம ஒடம்பு விடற அதே ஹிஸ்டமின நாம நேரா மீன்ல இருந்து முழுங்கறோம், அதனால பாக்க ஒரே மாதிரி இருக்கும். கெட்ட மீனு, கெட்ட ஒடம்பு இல்ல.

ஆக நான் "கடுமை"ன்னு பயந்தது அலர்ஜியே இல்ல, "லேசு"ன்னு நக்கித் தின்னதுதான் என்ன சேர்ல ஏத்துச்சு. மூணு வருஷ மொய்ங்காவ யார் திருப்பித் தருவா.

19 ஜூன்

ஒருத்தர் ஸ்கின் டெஸ்ட்ல தடிப்பு பெருசா வந்தா கடுமைதானேன்னு கேட்டிருக்காரு. அதே பதில்தான். 3 மில்லிமீட்டருக்கு மேல எழும்பினா பாசிட்டிவ், பெருசா எழும்பினா அலர்ஜி இருக்க சான்ஸ் கூட, கடுமைக்கு அளவுகோல் இல்ல.

இதுல என் மானம் போன கதையும் உண்டு. 2019 கடைசில சென்னைக்குப் போய் டெஸ்ட்டுக்கு உக்காந்தேன். முன்கைல பேனாவால கோடு போட்டு ஒவ்வொண்ணுக்கும் ஒரு சொட்டு, சின்னக் குத்து. ஒண்ணு உப்புத்தண்ணி, அது எழும்பக்கூடாது. ஒண்ணு ஹிஸ்டமின், அது கட்டாயம் எழும்பணும். கால் மணி நேரம் கையப் பாத்துட்டே இருக்கேன், ஹிஸ்டமின் வெச்ச எடமே வழவழன்னு கெடக்கு. நர்ஸ் அம்மா கண்ணாடிய எறக்கிப் பாத்து "செட்ரிசின் எப்ப போட்டீங்க?"ன்னாங்க. நேத்து ராத்திரி, ஃப்ளைட்டுல தும்மல்னு. அந்த மாத்திரை உள்ள இருந்தா எதும் எழும்பாதாம். "ஒரு வாரம் நிறுத்திட்டு வாங்க." டிக்கெட்ட மாத்தி அத்தை வீட்ல எட்டு நாள் கெடந்தேன், அத்தை தினமும் "உனக்குன்னு இறால் எடுத்து வெச்சேன்டா"ம்பாங்க.

21 ஜூன்

மேல ஒருத்தர் "ஐஜிஜி டெஸ்ட்ல 40 சாமான் அலர்ஜின்னு வந்துச்சு"ன்னு போட்டிருக்காரு. ஐஜிஜி வேற, ஐஜிஇ வேற. ஐஜிஜி நீங்க அத சாப்டறீங்கன்னுதான் காட்டும். காசு போச்சுன்னு விட்டுடுங்க.

24 ஜூன்

மழைக்காலத்துல பாப்பாக்கு இளைப்பு வருமாம், பஃப் (மூச்சுல இழுக்கற மருந்து) இருக்காம், ஆனா "தேவப்பட்டாத்தான் அடிப்போம்"ங்கறாங்க. இத மொத நாளே கேட்டிருக்கணும் நான். கடலை அலர்ஜி தராசுத் தட்டுல ஒரு படிக்கல்னா கண்ட்ரோல்ல இல்லாத ஆஸ்துமா அதே தட்டுல இன்னொரு படிக்கல். சாப்பாட்டு அலர்ஜில உசுரு போன கேஸ்கள்ல ஆஸ்துமா திரும்பத் திரும்ப வருது. மொதல்ல நெஞ்சு டாக்டரப் பாருங்க தங்கச்சி, அது கடலை டெஸ்ட்டவிட அவசரம்.

இன்னொண்ணும் கேக்கறேன், வீட்ல இருந்து ஊசி போடற எடம் எவ்ளோ தூரம்? பகல்ல நாப்பது நிமிஷம், நடுராத்திரி டாக்ஸியே கெடைக்காதுன்னா, அதே புள்ளையோட அதே அலர்ஜி ஆஸ்பத்திரி எதிர்ல இருக்கற வீட்டுப் புள்ளையோடதவிட கடுமைதான். டாக்டருங்க இத பேப்பர்ல எழுத மாட்டாங்க. நான் எழுதுவேன்.

25 ஜூன்

திருத்தம். இன்பாக்ஸ்ல ஒருத்தருக்கு "வறுத்தா கடலை வீரியம் கொறையும்"னு சொல்லிட்டேன். தப்பு, தலகீழ். வறுத்தா அலர்ஜி குணம் கூடும், தண்ணில வேக வெச்சா கொஞ்சம் கொறையும், ரெண்டுமே அலர்ஜிக்காரங்களுக்கு ஆகாது. எண்ணெயும் அப்டித்தான், பேக்டரில நல்லா சுத்திகரிச்சதுல புரதம் இருக்காதும்பாங்க, ஆனா நாம வாங்கறது செக்குல ஆட்டின கலங்கல் எண்ணெய், மோந்து பாத்தாலே கடலை வாசம். அத நம்பாதீங்க. சாலட்டுல தூவற பொடிய கடலமாவுன்னு சொல்லுவாங்க, பாதி எடத்துல அது வேர்க்கடலைப் பொடி.

2 ஜூலை

"ஒத்துக்காது"ங்கற வார்த்தைய பத்தி யோசிச்சேன். பால் குடிச்சு வயிறு உப்பினாலும் ஒத்துக்காது, கடலை தின்னு மூச்சு நின்னாலும் ஒத்துக்காது. பர்மால "ம தெ பூ"ன்னாலும் அதேதான், சேராது. கடைல நான் இப்பல்லாம் "ம தெ பூ" சொல்றதில்ல, "தின்னா ஆஸ்பத்திரி"ன்னு சைகையோட சொல்றேன். கடைக்காரம்மா கரண்டிய கழுவிட்டு வர்றாங்க. நெ நெ பெ கூட சொல்றதில்ல.

9 செப்டம்பர்

தங்கச்சி சென்னை போய் வந்து எழுதிருக்காங்க. ஆரா எச் 2ன்னு கடலைக்குள்ள ஒரு குறிப்பிட்ட புரதத்துக்கு தனி டெஸ்ட், அது பாசிட்டிவ். நான் மேல எழுதின கத இருக்கறதால வாய்ல குடுத்துப் பாக்கற டெஸ்ட் இப்ப வேண்டாம்னுட்டாங்களாம். கடைசித் தீர்ப்பு அந்த டெஸ்ட்தான், ஆனா ஆஸ்பத்திரில ஊசியப் பக்கத்துல வெச்சுக்கிட்டு துளித்துளியா குடுக்கறது, வீட்ல பண்றதில்ல. பாலாச்சான் தொடரலாம்னு சொல்லிட்டாங்க, பாப்பா அன்னிக்கே ரெண்டு தட்டு சோறு தின்னாளாம். மெத்தைய மாத்தியாச்சு. பஃப் தினமும்.

பென் மாதிரி அட்ரினலின் ஊசி எங்க கேட்டும் கெடைக்கலங்கறதால டாக்டர் ஆம்ப்யூலும் (மருந்து இருக்கற சின்னக் கண்ணாடிக் குப்பி) 1 மில்லி சிரிஞ்சும் எழுதிக் குடுத்து பழக்கி அனுப்பிருக்காரு. ஆம்ப்யூல்ல ஒரு மில்லிக்கு 1 மில்லிகிராம், அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், பாப்பா 20 கிலோ, ஆக 0.2 மில்லி, தொடைல வெளிப்பக்கம். சிரிஞ்ச்ல 0.2 கோட்டுல செவப்பு நெயில் பாலிஷ் போட்டு வெச்சிருக்காங்க, கை நடுங்கும்போது எண்ணிட்டிருக்க முடியாதுன்னு. அறிவாளி. பெரியவங்களுக்கு 0.5, யாரும் இங்க படிச்சுட்டு நீங்களா வாங்கிக் குத்திக்காதீங்க, ஒங்க டாக்டர் காட்டிக் குடுக்கணும்.

அவங்களுக்கு ஆறு மாசத்துல இன்னொரு பையன் இருக்கானாம், அவனுக்கும் கடலை காட்டக் கூடாதான்னு கேக்கறாங்க. லண்டன்ல 640 குழந்தைங்கள வெச்சு பண்ண ஆராய்ச்சி 2015ல வந்துச்சு, சின்னதுலயே கடலைய சாப்பாட்டுல சேத்தவங்களுக்கு அலர்ஜி ரொம்பக் கம்மி. சும்மா ஒதுக்கி வெக்கறது நல்லதில்ல போல. ஆனா முழுக்கடலை இல்ல, தொண்டைல அடைச்சுக்கும், கொழைச்சதுதான், அதுவும் அக்கா இப்டி இருக்கறதால அவனையும் டாக்டர்ட்ட காட்டிட்டு ஆரம்பிங்க, அக்கா இருக்கற ரூம்ல வேண்டாம்.

9 செப்டம்பர், ராத்திரி

அவங்க நெயில் பாலிஷ் படிச்சதும் எழுந்து போய் என் டப்பாவத் தொறந்தேன். ஆம்ப்யூல் எக்ஸ்பைரி மே மாசம். மூணு மாசத்துக்கு மேல வெறும் டப்பாவ பையில தூக்கிட்டு அலைஞ்சிருக்கேன், இங்க உக்காந்து எல்லாருக்கும் உபதேசம் வேற. காலைல கடை தொறந்ததும் கயித்த விடணும்.